ஓக்லாண்ட் ஏ'ஸ்: கூட்டம் ஏன் குறைந்தது?

2023 மே 15, திங்கட்கிழமை இரவு. கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் கொலீசியத்தில் உள்ளூர் அணியான அத்லெட்டிக்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸை எதிர்த்து ஆடியது. அன்றைய கூட்டம் 2,064 என்று அறிவித்தார்கள். 46,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஸ்டேடியம் அது. அதுவும் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அறிவிக்கப்படுவது விற்ற டிக்கெட்டுகளின் கணக்கு, கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர்களின் கணக்கு இல்லை. அப்படியென்றால் உண்மையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த 2,064-ஐவிடவும் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

அங்கிருந்து 29 நாள் தள்ளி ஜூன் 13-க்கு வாருங்கள். அதே ஸ்டேடியம், அதே அணி. அதற்குள் அந்த அணி 50 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அன்று வந்த கூட்டம் 27,759.

தோற்கிற அணிக்குக் கூட்டம் வராது என்பது எல்லாரும் சொல்லும் விதி. ஓக்லாண்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷர் அணியை லாஸ் வேகஸுக்கு மாற்றுவதற்கு அந்தக் காலி நாற்காலிகளே சாட்சியாகக் காட்டப்பட்டன. நான் இந்த விஷயத்தைப் பல வருடமாகத் தொடர்ந்து பார்த்து வந்தவன். எனக்குப் புரிந்த வரையில் ஓக்லாண்டில் கூட்டத்தைக் குறைத்தது தோல்வி இல்லை. இந்த அணி நாளைக்கும் நம்மோடு இருக்குமா என்ற சந்தேகம் குறைத்தது. அந்தச் சந்தேகத்தை விதைத்தவர்களே அப்புறம் காலி நாற்காலிகளைச் சுட்டிக்காட்டினார்கள். இதை வெறும் கோபத்தில் சொல்லவில்லை, இந்த அணியின் பழைய வருகைக் கணக்கே இதைச் சொல்கிறது.

ஜெயித்தபோது வராத கூட்டம், தோற்றபோது வந்தது

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும், அதில் 81 சொந்த ஊரில். ஐரோப்பியக் கால்பந்துபோல் கடைசி இடம் பிடித்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் இல்லை. எத்தனை தோற்றாலும் அடுத்த வருடம் அதே லீகில் ஆடலாம். மற்ற உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் அணியை மூட்டை கட்டி வேறு ஊருக்கும் கொண்டுபோகலாம். அத்லெட்டிக்ஸ் அப்படிப் பழகிய அணிதான். 1901-ல் பிலடெல்பியாவில் தொடங்கியது, 1955-ல் கேன்சஸ் சிட்டிக்குப் போனது, 1968-ல் ஓக்லாண்டுக்கு வந்தது. ரசிகர்கள் சுருக்கமாக ஏ'ஸ் என்பார்கள்.

ஓக்லாண்டுக்கு அணியைக் கொண்டுவந்தவர் சார்லி ஃபின்லி. அவர் காலத்தில் 1972, 1973, 1974 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகத் தொடர் கோப்பை, அதாவது லீகின் இறுதிக் கோப்பை. கேட்ஃபிஷ் ஹண்டர், ரெஜி ஜாக்சன், வைடா ப்ளூ, ரோலி ஃபிங்கர்ஸ் என்று வரிசையாக நட்சத்திரங்கள். இப்படிப்பட்ட அணிக்குக் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும் இல்லையா? 1973-ல் மட்டும் வருகை 10 லட்சத்தை மயிரிழையில் தாண்டியது. மற்ற இரண்டு வருடமும் அதையும் தொடவில்லை. 1974-ல் 8,45,693 பேர்தான்.

காரணம் ஃபின்லி நடந்துகொண்ட விதம். வீரர்களோடு சம்பளத் தகராறு, ஊரோடு ஒட்டாத நிர்வாகம், அணியை விற்கவும் வேறு ஊருக்கு மாற்றவும் ஓயாத முயற்சி. 1976-ல் ஃபிங்கர்ஸையும் ஜோ ரூடியையும் தலா 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், ப்ளூவை 15 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கும் விற்கப் பார்த்தார். பேஸ்பால் கமிஷனர் போவி கூன் அந்த விற்பனையைத் தடுத்துவிட்டார். ஆனாலும் அணி கலைந்தது. அடுத்த சில வருடங்களில் டென்வர் நகரத்துக்கு விற்கப் பேச்சு நடந்தது. 1978 சீசன் தொடங்கியபோது ஆட்டங்களை ஒலிபரப்ப வணிக வானொலி நிலையம்கூட அமையவில்லை. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய 10 வாட் நிலையம் ஒன்றுதான் முதல் சில வாரங்களுக்கு ஒலிபரப்பியது. மூன்று முறை உலகத் தொடர் கோப்பை வாங்கி நான்கு வருடம்கூட ஆகாத அணிக்கு இந்த நிலை.

1979-ல் 108 தோல்வி. மொத்த சீசனுக்கும் சேர்த்து 3,06,763 டிக்கெட்தான் விற்றது. அந்த ஏப்ரல் 17-ல் சியாட்டில் மரைனர்ஸுடன் நடந்த ஆட்டத்துக்கு அறிவித்த கூட்டம் 653. ஒரு கல்யாண மண்டபத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

1980-ல் ஃபின்லி அணியை விற்றார். வாங்கியவர் லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹாஸ், விலை 1.27 கோடி டாலர். அணி இதே ஊரில்தான் இருக்கும் என்பதில் ஹாஸுக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. பள்ளிக்கூடங்கள், சமூக அமைப்புகள் என்று ஊருக்குள் வேலை செய்தார், ஆட்களைப் போட்டு அலுவலகத்தை நடத்தினார், வானொலிக்கும் விளம்பரத்துக்கும் செலவு செய்தார். 1981-ல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் சீசன் மூன்றில் இரண்டு பங்காகக் குறுகியபோதும் 13 லட்சம் பேர் வந்தார்கள். அந்த அக்டோபர் 15-ல் யாங்கீஸோடு நடந்த ஆட்டத்தில்தான் கிரேஸி ஜார்ஜ் என்ற உற்சாகக்காரர் கொலீசியத்தில் ஒவ்வொரு பகுதியாக எழுப்பி உட்காரவைத்து, ஒரு கூட்ட அலையைச் சுற்றவிட்டார். இன்று சேப்பாக்கத்தில் எழும்பும் மெக்சிகன் வேவுக்கும் அதுவே மூலம் என்று சொல்பவர்கள் உண்டு.

அடுத்த வருடத்தைத்தான் நான் எல்லாரிடமும் எடுத்துச் சொல்வேன். 1982-ல் ஏ'ஸ் படுமோசமாக ஆடியது. 68 வெற்றி, 94 தோல்வி. அந்த வருடம் வந்த கூட்டம் 17,35,489. அதுவரை ஓக்லாண்ட் பார்த்ததிலேயே அதிகம். மூன்று கோப்பை வாங்கிய அணிக்கு வந்ததைப்போல கிட்டத்தட்ட இரு மடங்குக் கூட்டம், 94 ஆட்டம் தோற்ற அணிக்கு வந்தது. அணியில் அப்போது ரிக்கி ஹெண்டர்சன் இருந்தார். ஓக்லாண்டில் வளர்ந்த பையன். பிட்சர் பந்தை வீசும்போதே ஓடத் தொடங்கி, அடுத்த பேஸை, அதாவது ஓடி அடைய வேண்டிய அடுத்த முனையைச் சேர்ந்துவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்த ஒரே சீசனில் 130 முறை அப்படிப் பேஸ் திருடினார், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. அணி தோற்றாலும் ரிக்கி ஓடுவதைப் பார்க்க ஆள் வந்தது. நம்ம பையன், நாளைக்கும் நம்ம ஊரில் ஆடுவான் என்ற நினைப்பு இருந்தது.

ஹாஸ் காலம் உச்சத்துக்குப் போனது. 1988 முதல் 1990 வரை மூன்று முறை தொடர்ந்து உலகத் தொடர் இறுதிக்குப் போனார்கள். 1989-ல் நடுவில் பெரிய பூகம்பமே வந்தும், பக்கத்து ஊர் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸை 4-0 என்று துடைத்தெடுத்துக் கோப்பை வாங்கினார்கள். 1990-ல் வந்த கூட்டம் 29 லட்சம். அதே கொலீசியம், அதே ஊர்.

ஸ்டேடியம் மீதான பழி

கொலீசியம் மோசமான ஸ்டேடியம் என்பது பொய் இல்லை. 1966-ல் திறந்தது, அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் இரண்டுமே ஆடக் கட்டியது. 2013 ஜூனில் கழிவுநீர்க் குழாய் பொங்கி இரண்டு அணிகளின் உடைமாற்றும் அறைகளிலும் தண்ணீர் ஏறியது. வீரர்கள் மேல்தளத்தில் இருந்த ரெய்டர்ஸ் கால்பந்து அணியின் அறைக்குப் போய்க் குளிக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் தெருப்பூனைகள் உள்ளேயே குடித்தனம் நடத்தின. 2023-ல் வெளியூர் அணியின் வர்ணனையாளர் அறைக்குள் 'போஸம்' (possum) என்னும் பெருச்சாளி போன்ற விலங்கு குடிபுகுந்த செய்தி நாடு முழுவதும் போனது.

அதோடு 1990-களின் நடுவில் ரெய்டர்ஸ் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து திரும்பி வந்தபோது, அவர்களுக்காக மைதானத்தின் பின்பக்கத்தில் மலைபோல் ஒரு புதுக் கேலரி கட்டினார்கள். அதுவரை கேலரியில் உட்கார்ந்தால் எதிரே ஓக்லாண்டின் குன்றுகள் தெரியும். அதை அந்தக் கான்கிரீட் மறைத்துவிட்டது. ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸின் பெயரால் அதற்கு மவுண்ட் டேவிஸ் என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். ஏ'ஸ் ஆட்டங்களுக்கு அந்த உயரமான இருக்கைகள் நிரம்புவதே இல்லை. 2006-ல் அதோடு சேர்த்து மூன்றாம் தளம் முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், கொள்ளளவு 34,077-ஆகக் குறைந்தது. இதனால் மலிவான மேல்தள டிக்கெட்டுகள் இல்லாமல் போயின. குடும்பத்தோடு வருகிறவன் எங்கே உட்காருவான்? 2017-ல் மூன்றாம் தளத் தார்ப்பாயை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் எனக்கு வலுவாகத் தெரிவது ஒன்று உண்டு. 2018, 2019 இரண்டு வருடமும் ஏ'ஸ் 97 ஆட்டம் ஜெயித்தது. கூட்டமோ சராசரி 20,000-ஐ ஒட்டித்தான் இருந்தது, லீகின் கீழ்ப்பாதியில். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மறுகரையில் ஜயண்ட்ஸ் 2000-ல் கடலோரத்தில் அழகான ஸ்டேடியம் கட்டி, 2010, 2012, 2014 மூன்று கோப்பைகளும் வாங்கி, பெரும்பாலான வருடங்களில் 30 லட்சம் பேரை இழுத்துக்கொண்டிருந்தது. நல்ல ஸ்டேடியம் இல்லாமல் போட்டி போட முடியாது என்று ஏ'ஸ் நிர்வாகம் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த 97 வெற்றிகளின் பின்னணியையும் பார்க்க வேண்டும். 2005-ல் லூயிஸ் வுல்ஃபும் ஜான் ஃபிஷரும் 18 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். ஃபிஷர், கேப் துணிக்கடைக் குடும்பத்தின் வாரிசு. 2006-ல் பக்கத்து ஊரான ஃப்ரீமாண்டுக்குப் போகிறோம் என்றார்கள். இன்று ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் அதே ஃப்ரீமாண்ட்தான். அது நடக்கவில்லை. அடுத்து சான் ஹோசே. அந்தப் பகுதி ஜயண்ட்ஸின் எல்லை என்று லீக் மறுத்தது. கொடுமை என்னவென்றால், அந்த எல்லையை 1990-ல் ஜயண்ட்ஸுக்கு விட்டுக்கொடுத்தவர் ஹாஸ். பக்கத்து அணி ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று பணம் எதுவும் வாங்காமல் சம்மதித்தார். சான் ஹோசே நகரம் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலன் இல்லை. 2017-ல் ஓக்லாண்டில் ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள், கல்லூரி நிர்வாகம் மறுத்துவிட்டது. 2018-ல் துறைமுகத்தை ஒட்டி ஹோவர்ட் டெர்மினல்.

பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் 'இந்த அணி எங்கே போகும்' என்ற கேள்வியோடு சீசன் தொடங்கினால் யார் சீசன் டிக்கெட் எடுப்பார்கள்? சீசன் டிக்கெட் என்பது ஒரு வருடத்துக்கான செலவு மட்டும் இல்லை. அது குழந்தையைப் பழக்குவது, அதே இருக்கைக்குப் பக்கத்தில் உட்காருபவரோடு பழகுவது, பத்து வருடம் வரப்போகிறோம் என்று எண்ணி எடுப்பது. அந்த எண்ணத்துக்கே இடம் தராமல் செய்துவிட்டு, 97 வெற்றிக்கும் ஆள் வரவில்லையே என்று கேட்பது சரியில்லை. இத்தனைக்கும் 2019 அக்டோபரில் டாம்பா பே ரேஸோடு ஒரே ஒரு நாக்-அவுட் ஆட்டம் நடந்தபோது மவுண்ட் டேவிஸையும் திறந்துவிட்டார்கள். 54,005 பேர் வந்தார்கள்.

பிரித்து விற்ற அணி

2021 மே மாதம் லீக் நிர்வாகம், ஏ'ஸ் வேறு ஊர்களையும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தது. சில வாரத்துக்குள் அணியின் தலைவர் டேவ் கேவல் லாஸ் வேகஸில் ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் இருந்துகொண்டு அந்த ஊர்க் கூட்டத்தைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். அணி அப்போது ஓக்லாண்டில் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. ஜூலையில் ஹோவர்ட் டெர்மினல் திட்டத்துக்கு ஓக்லாண்ட் நகர மன்றம் ஒரு வரைவை ஒப்புக்கொண்டபோதும், அது தங்களுக்குச் சரிப்படாது என்றார் கேவல்.

அந்த சீசன் 86 வெற்றியோடு முடிந்தது. பயிற்சியாளர் பாப் மெல்வின் சான் டியாகோவுக்குப் போனார். 2022 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் கிறிஸ் பாசிட், மாட் ஓல்சன், மாட் சாப்மன் மூவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் ஷான் மனாயா, ஆகஸ்டில் ஃபிராங்கி மோன்டாஸ், டிசம்பரில் ஷான் மர்ஃபி. அதே சமயத்தில் சீசன் டிக்கெட் விலையை ஏற்றினார்கள், சில இருக்கைகளுக்கு இரட்டிப்பு என்று செய்தி வந்தது. கடைக்காரன் சரக்கை எல்லாம் எடுத்துவிட்டு விலையை ஏற்றியது மாதிரி. 2022-ல் 102 தோல்வி, 7,87,902 பேர். சராசரி 10,000-க்குக் கீழே போனது.

அந்த வீரர்கள் என்ன ஆனார்கள் என்பது ரசிகர்களின் நெஞ்சை அறுத்தது. 2023-ல் அட்லாண்டாவுக்காக ஓல்சன் 54 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து லீகிலேயே முதலிடம். ஒரு காலத்தில் ஏ'ஸில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடிய மார்கஸ் செமியன் அந்த வருடம் டெக்சஸோடு கோப்பை வாங்கினார். 2024-ல் சாப்மனும் மெல்வினும் வளைகுடாவின் எதிர்க்கரையில் ஜயண்ட்ஸ் சட்டையில் நின்றார்கள். ஓக்லாண்டில் எஞ்சியிருந்த அணியின் மொத்தச் சம்பளம் 2023-ல் சுமார் 5.7 கோடி டாலர், லீகிலேயே கடைசி. நியூயார்க் மெட்ஸ் 33 கோடிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது.

2023 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டதாக அணி அறிவித்தது. பல வருடமாக 'ரூட்டட் இன் ஓக்லாண்ட்' (ஓக்லாண்டில் வேரூன்றியவர்கள்) என்று பதாகை கட்டிய அதே நிர்வாகம். மே 15-ன் 2,064 அதற்கு நான்கு வாரம் கழித்து வந்தது. அந்த எண்ணிக்கையை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரசிகர்களுக்குள் நடந்த வாதம்

அந்த வசந்த காலத்தில் ஏ'ஸ் ரசிகர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஒன்றுதான்: போவதா, வேண்டாமா?

போகக் கூடாது என்றவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஒரு டிக்கெட், 30 டாலர் பார்க்கிங், ஒரு பீர், எல்லாமே ஃபிஷர் பைக்குப் போகிறது. நம்மை விற்கிறவனுக்கு நாமே ஏன் காசு கொடுக்க வேண்டும்? போகணும் என்றவர்களின் வாதம் வேறு. காலி நாற்காலிதான் அவர்களுக்கு வேண்டியது, நாம் வீட்டில் உட்கார்ந்தால் ஓக்லாண்டில் ரசிகரே இல்லை என்ற பேச்சை நாமே உண்மையாக்குகிறோம் என்றார்கள். ரைட் ஃபீல்டு கேலரியில் பல வருடமாக டிரம் அடித்து, கொடி வீசி நின்றவர்களுக்கு இன்னொரு வேதனை. மைதானத்தில் ஆடுகிற இளம் வீரர்கள் என்ன தப்பு செய்தார்கள்? முதல் முறை மேஜர் லீகுக்கு வந்த ஒரு பையன் காலி ஸ்டேடியத்தில் தன் முதல் ஹிட்டை அடிக்கணுமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் இது எளிதில் முடியவில்லை. ஒரே குடும்பத்தில் அப்பா புறக்கணிப்பார், மகள் போவாள். தீர்வாக வந்தது 'ரிவர்ஸ் பாய்காட்': ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை இரவைக் குறித்து எல்லாரும் ஒரே நாளில் போய் நிரப்புவது. ரசிகர் ஒருவர் சமூக வலைத்தளத்தில் சொன்ன யோசனை இது. ஓக்லாண்ட் 68ஸ் என்ற ரசிகர் குழு அதைக் கையில் எடுத்தது.

ஜூன் 13

அன்றைக்கு பார்ட் ரயில் நிலையத்திலிருந்து கொலீசியத்துக்குப் போகும் நடைபாலம் பச்சைச் சட்டையால் நிறைந்தது. பார்க்கிங்கில் ஆயிரக்கணக்கான சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பச்சைத் துணியில் வெள்ளை எழுத்தில் ஒரே வார்த்தை, 'செல்'. விற்றுவிடு என்று ஃபிஷருக்குச் சொன்ன வார்த்தை.

எதிரணி டாம்பா பே ரேஸ், அந்த நேரத்தில் லீகிலேயே அதிக வெற்றி வைத்திருந்த அணி. ஏ'ஸோ லீகிலேயே கடைசி. ஆனால் என்ன மாயமோ, அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களை ஏ'ஸ் வரிசையாக ஜெயித்திருந்தது. கூட்டம் முதல் பந்திலிருந்தே கத்தியது. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் முன்பே பேசிவைத்தபடி மொத்த ஸ்டேடியமும் அமைதியானது. டிரம் நின்றது, பேச்சு நின்றது. முதல் பேட்டர் ஆடி முடிக்கிற வரை அப்படியே இருந்துவிட்டு, 27,000 பேரும் ஒரே குரலில் 'செல் த டீம்' என்று கத்த ஆரம்பித்தார்கள். டிவி வர்ணனையில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏ'ஸ் 2-1 என்று ஜெயித்தது. தொடர்ந்து ஏழாவது வெற்றி.

அன்று வசூலான டிக்கெட் பணம் 8 லட்சம் டாலருக்கு மேல். அதை உள்ளூர் உணவு வங்கிக்கும் ஓக்லாண்ட் பள்ளிக் கல்வி நிதிக்கும் கொடுப்பதாக அணி அறிவித்தது. அதே ஜூன் 13-ல் நெவாடா மாநில செனட், லாஸ் வேகஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் அரசுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். கமிஷனர் ராப் மன்ஃப்ரெட் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒரே ஒரு இரவுக்கு லீகின் சராசரிக் கூட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்ததே, நல்லதுதான் என்ற தொனியில் பதில் சொன்னார். அந்தப் பதிலை ஓக்லாண்ட் ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. எனக்கும் அது மறக்கிற பதில் இல்லை. தன் விளையாட்டை இவ்வளவு நேசிக்கிற மக்களிடம் ஒரு கமிஷனர் அப்படிப் பேசக் கூடாது.

சீசன் 50 வெற்றி, 112 தோல்வியோடு முடிந்தது. ஓக்லாண்ட் வரலாற்றிலேயே மோசமான சீசன். ஆனால் கூட்டம் 8,32,352. 102 தோல்வி கண்ட முந்தைய வருடத்தைவிட அதிகம். பத்துத் தோல்வி கூடியும் கூட்டம் கூடியது, ஏனென்றால் வருவதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அணியில் இருந்த பிட்சர் ட்ரெவர் மே என்பவர் அந்த அக்டோபரில் ஓய்வு அறிவித்தபோது, அணியை விற்றுவிடுங்கள் என்று ஃபிஷருக்கு வெளிப்படையாகவே சொன்னார். நவம்பர் 16-ல் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள்.

2024 மார்ச்சில் முதல் ஆட்டத்துக்கு ரசிகர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். ஆயிரக்கணக்கில் பார்க்கிங்கில் கூடி, இசை, சாப்பாடு என்று திருவிழா நடத்திவிட்டு, ஸ்டேடியத்துக்குள் போகாமலேயே திரும்பினார்கள். அணி வேண்டாம் என்றிருந்தால் அந்தப் பார்க்கிங்குக்குக்கூட வந்திருக்க மாட்டார்கள்.

காலி நாற்காலி யாருக்கு நஷ்டம்?

கூட்டம் வராவிட்டால் முதலாளிக்குத்தானே நஷ்டம், வேண்டுமென்றே யாராவது அப்படிச் செய்வார்களா என்று கேட்கலாம். இங்கேதான் அமெரிக்க லீகின் கணக்கு புரிய வேண்டும். தேசிய அளவிலான டிவி ஒப்பந்தப் பணம் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அதோடு பணக்கார அணிகளின் உள்ளூர் வருமானத்தில் ஒரு பங்கு சிறிய அணிகளுக்குப் போகிறது. 2016 ஒப்பந்தத்தில் ஏ'ஸுக்கு அந்தப் பங்கைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 2022-ல் திரும்பக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: 2024 ஜனவரி 15-க்குள் புது ஸ்டேடியத்துக்கு உறுதியான ஒப்பந்தம் இருக்க வேண்டும். அவசரமாக ஏதாவது ஒரு ஊரில் கையெழுத்துப் போட அது ஒரு பெரிய உந்துதல். அணியின் மதிப்போ, யார் வந்தாலும் வராவிட்டாலும் ஏறிக்கொண்டே போனது. 18 கோடிக்கு வாங்கிய அணிக்கு 2023-ல் ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு 118 கோடி டாலர்.

ஃபிஷர் கூட்டத்தைத் திட்டமிட்டு விரட்டினார் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியும். ஆனால் கூட்டம் குறைந்ததால் அவருக்கு வலிக்கவில்லை என்பது கணக்கில் இருக்கிறது. வலிக்காத இடத்தில் மருந்து தேட யாரும் போவதில்லை.

ஊர் மாறிய பிறகு

2024 செப்டம்பர் 26, கொலீசியத்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர், ஒரு இருக்கை மிச்சமில்லை. ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்தை வீசித் தொடங்கிவைத்தார்கள். டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். முடிந்ததும் பயிற்சியாளர் மார்க் கோட்சே மைதானத்தில் நின்று மைக்கில் ரசிகர்களுக்கு நன்றி சொல்லி, கடைசியாக ஒரு முறை 'லெட்ஸ் கோ ஓக்லாண்ட்' என்று கத்தவைத்தார். மைதானப் பணியாளர்கள் உள்மைதான மண்ணை அள்ளி ரசிகர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த டிசம்பரில் ரிக்கி காலமானார்.

வேகஸ் ஸ்டேடியம் 2028-ல்தான் தயாராகும் என்கிறார்கள். அதுவரை சாக்ரமெண்டோவில், 14,014 பேர் கொள்கிற ஒரு சின்ன லீக் மைதானத்தில் ஏ'ஸ் ஆடுகிறது. அணியின் பெயரில் ஊர்ப் பெயர் கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ். 2025-ல் அணி முன்பைவிட நன்றாகவே ஆடியது. 76 வெற்றி. நிக் கர்ட்ஸ் என்ற இளைஞர் ஜூலையில் ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்து, வருட முடிவில் சிறந்த புதுமுகம் விருதை ஒருமனதாக வாங்கினார். புது ஊர், மேஜர் லீகைப் பார்க்க ஏங்கியிருந்த ஊர் என்றார்கள். அந்தச் சின்ன மைதானமும் நிரம்பவில்லை. சராசரி 10,000-ஐத் தொடவில்லை, சீசன் மொத்தம் 8 லட்சத்தைத் தொடவில்லை. ஓக்லாண்டின் கடைசி சீசனில் வந்த 9.22 லட்சத்தைவிடக் குறைவு. மூன்று வருடத்தில் போகப்போகிற அணியோடு சாக்ரமெண்டோக்காரர் மட்டும் எப்படி ஒட்டுவார்?

ஓக்லாண்டில் பேஸ்பால் நிற்கவில்லை. மேற்கு ஓக்லாண்டின் ரைமாண்டி பூங்காவைச் சீர்செய்து 2024-ல் ஓக்லாண்ட் பாலர்ஸ் என்ற சிறு அணி பயனியர் லீகில் ஆடத் தொடங்கியது. மேஜர் லீகுக்குப் பல படி கீழே உள்ள லீக் அது. ரசிகர்களே பங்கு வாங்கி முதலீட்டாளராகலாம் என்று வழி வைத்தார்கள், கொலீசியத்தில் டிரம் அடித்த பலர் இப்போது அங்கே அடிக்கிறார்கள். 2025 செப்டம்பரில் ஐடஹோ ஃபால்ஸ் அணியை வென்று பாலர்ஸ் லீக் கோப்பையை வாங்கியது.